மறு: ‘கனெக்டெட் வெஹிக்கிள்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

ஐயா, வணக்கம். சாலைப் பாதுகாப்புக்காகத் தம் இடத்தையும் வேகத்தையும் ஒன்றுக்கொன்று கம்பியில்லாமல் சொல்லிக்கொள்ளும் வண்டிகளுக்கு (‘கனெக்டெட் வெஹிக்கிள்’) நம் சொற்பட்டியலில் என்ன பெயர் வைக்கலாம் என்ற பேச்சில் நீங்கள் எழுதியது:

> ‘இணைக்கப்பட்ட வாகனம்’ என்றே வைத்துக்கொள்ளலாம். நேரடியாக இருக்கிறது, எல்லோருக்கும் புரியும்.

இந்தச் சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கத்தில் இணைக்கப்பட்ட வண்டி என்றால் டிரெய்லர் மாட்டிய டிராக்டர்தான் நினைவுக்கு வரும். அதைக்கூட விட்டுவிடலாம், புழங்கப் புழங்கப் பொருள் படிந்துவிடும். ஆனால் இந்தச் சொல் தொழில்நுட்பத்தையே தவறாகக் காட்டுகிறது. சாலைப் பாதுகாப்புக்காக ஒன்றோடொன்று பேசும் வண்டிகள் இணைவதே இல்லை!

வீட்டு வைஃபையில் கைபேசி முதலில் ரூட்டரைக் கண்டுபிடித்து, கடவுச்சொல் கொடுத்து, இசைவு வாங்கிய பிறகுதான் தகவல் போகும். ஓடுகிற வண்டிக்கு அதற்கெல்லாம் நேரம் கிடையாது. எதிரெதிரே 60 கி.மீ. வேகத்தில் வரும் இரண்டு வண்டிகள் நொடிக்கு 33 மீட்டர் நெருங்குகின்றன. அதனால்தான் 2010-இல் மின்பொறியாளர் அமைப்பான ஐஇஇஇ வெளியிட்ட 802.11p என்ற வைஃபை வகைத் தரத்தில் அந்த முன்னேற்பாடு எதுவும் தேவையில்லை என்று வகுத்தார்கள். வண்டி தன் இடம், வேகம், போகும் திசை, பிரேக் மிதிபட்டிருக்கிறதா, தன் நீள அகலம் என்ன என்பதையெல்லாம் 5.9 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பொதுவாகச் சொல்லிக்கொண்டே போகும். அமெரிக்கத் தரத்தின்படி, வழக்கமாக நொடிக்கு 10 முறை. யார் கேட்கிறார்கள் என்று அதற்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். சில நூறு மீட்டருக்குள் இருக்கும் எந்த வண்டியும் கேட்டுக்கொள்ளலாம். செல்பேசித் தொழில்நுட்பத்திலிருந்து கிளைத்து 2017-இல் 3ஜிபிபி என்ற செல்பேசித் தர அமைப்பு வகுத்த முறையிலும் வண்டிக்கு வண்டி நேரே சொல்ல வழி உண்டு. டவர் எட்டாத இடத்திலும் அது வேலை செய்யும்.

நம் குமரி மாவட்டத்தில் தக்கலையிலிருந்து மார்த்தாண்டம் போகும் சாலையில் ஒரு வளைவை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் வீட்டு மதில் சாலையை ஒட்டி நிற்கும். கல் ஏற்றிய டாரஸ் லாரி ஒன்று போகிறது. பின்னால் பைக்கில் வருகிறவருக்கு லாரியின் பின்கதவையும் தார்ப்பாயையும் தவிர வேறொன்றும் தெரியாது. லாரிக்கு முன்னால் போகும் பஸ் சட்டென்று ஸ்டாப்பில் நிற்கிறது. லாரிக்காரர் பார்த்து, பிரேக் மிதித்து, சிவப்பு விளக்கு எரிந்த பிறகுதான் பைக்கில் வருகிறவருக்கு விஷயமே தெரியும். 40 கி.மீ. வேகத்தில் போனால்கூட ஒரு நொடியில் 11 மீட்டர் போய்விடும். பஸ் பிரேக் மிதித்ததை பஸ்ஸே நேராகச் சொல்லியிருந்தால் அந்த நொடி அவருக்கு மிஞ்சியிருக்கும். நாம் பெயர் தேடுவது இதற்குத்தான்.

இங்கே இன்னொன்றையும் கவனியுங்கள். பஸ் யாரையும் எச்சரிக்கவில்லை, தன் நிலையை மட்டும்தான் சொல்கிறது. அது தனக்கு ஆபத்தா இல்லையா என்று கணக்குப் போடுவது கேட்கிற வண்டியின் வேலை. ஐரோப்பியத் தரத்தில் நிலையைச் சொல்லும் செய்தி ஒன்று, ஆபத்தை அறிவிக்கும் செய்தி வேறொன்று என்று இரண்டாகவே பிரித்துவிட்டார்கள். ஆகவே இங்கே ஒருவர் முன்வைத்த ‘எச்சரிக்கை வாகனம்’ என்பதும் பொருந்தாது.

‘தொடர்பூர்தி’யையும் யோசித்தேன். ரயிலைத் தொடர்வண்டி என்று ஏற்கெனவே எழுதுகிறோம், இரண்டும் குழம்பும். ‘பேசுந்து’ என்பது ஒலிக்க இனிமைதான். ஆனால் வடசேரி பஸ் ஸ்டாண்ட் இரைச்சலில் அதைச் சொன்னால் பேருந்து என்றே காதில் விழும்.

என் முன்மொழிவு இது: வண்டி அனுப்பும் செய்திக்கு ‘நிலைச்செய்தி’. அதை அனுப்பவும் கேட்கவும் வண்டிக்குள் இருக்கும் கருவிக்கு ‘நிலைகூறி’. வண்டிக்கென்று தனிச்சொல் தேவையில்லை, ஏசி பஸ் என்கிற மாதிரி ‘நிலைகூறி வண்டி’ போதும். ஆய்வுக் கட்டுரைகளில் கருவி உள்ள வண்டி, இல்லாத வண்டி என்று பிரித்துச் சொல்ல வேண்டிய இடங்கள் நிறைய வரும். அதற்கும் இது வசதி.

---

தம்பி,

‘இணைக்கப்பட்ட வாகன’த்தைக் கைவிடுகிறேன். இணைப்பே நடக்காத இடத்தில் அந்தச் சொல்லை வைத்திருப்பது சரியில்லை. ‘நிலைகூறி’ நன்றாக இருக்கிறது, கருவி என்பது சொல்லிலேயே தெரிகிறது.

ஆனால் ‘நிலைச்செய்தி’யில் எனக்குத் தயக்கம் உண்டு. முகநூலில் எழுதுவதை நிலைத்தகவல் என்கிறார்கள். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள். அதைவிட முக்கியம், ‘நிலை’ தனியாக வந்தால் நின்றுவிட்டது என்ற பொருளும் சேர்ந்தே வருகிறது. சுசீந்திரத்தில் தேர் நிலைக்கு வந்துவிட்டது என்றால் ஓட்டம் முடிந்தது என்றுதானே எடுத்துக்கொள்கிறோம்? ஓடுகிற வண்டியின் செய்திக்கு அது ஆகாது.

முன்னால் ஒரு பெயர் வந்துவிட்டால் இந்தச் சிக்கல் போய்விடும். வானிலை, உடல்நிலை, மனநிலை – இவற்றில் எதுவும் நின்றுபோனதைச் சொல்லவில்லை. மாறிக்கொண்டே இருப்பது இந்தக் கணத்தில் எப்படி இருக்கிறது என்பதைத்தான் சொல்கின்றன. அதே வழியில் ‘வண்டிநிலை’ என்று வைத்தால் என்ன? ‘செய்தி’ என்ற ஒட்டும் வேண்டாம். வண்டி தன் வண்டிநிலையைச் சொல்கிறது, அவ்வளவுதான். ஊர்தி, வாகனம் இரண்டையும்விட வண்டிதான் நல்லது. நம் ஊரில் பைக்கும் வண்டி, காரும் வண்டி, டெம்போவும் வண்டி.

இன்னொரு கேள்வி. ஆட்டோ ஓட்டும் என் மருமகனிடம் இதை விளக்கினேன். “நான் எங்க போறேன்னு ஊருக்கெல்லாம் சொல்லிருமா மாமா?” என்று கேட்டான். அவன் கேட்டதில் நியாயம் இருக்கிறது. இதற்கு என்ன பதில்? அந்தப் பயத்தைக் கிளப்பாத சொல்லாகவும் அமைய வேண்டும்.

---

ஐயா,

‘வண்டிநிலை’யை முழு மனதோடு ஏற்கிறேன். என்னுடையதைவிட நல்ல சொல். அதை வைத்து மற்றவற்றையும் கட்ட முடிகிறது: சிக்னல் கம்பம் ‘இப்போது பச்சை, இன்னும் 8 நொடியில் சிவப்பு’ என்று அனுப்புவது சிக்னல்நிலை. வளைவுக்கு அப்பால் தண்ணீர் தேங்கியிருக்கிறது, மரம் விழுந்திருக்கிறது என்பது சாலைநிலை. இவற்றை அனுப்பும் சாலையோரக் கருவிக்குச் ‘சாலைக்கூறி’ என்று வைக்கலாம்.

உங்கள் மருமகனுக்குப் பதில்: வண்டிநிலையில் வண்டி எண்ணும் இல்லை, ஓட்டுநர் பெயரும் இல்லை. ஒரு தற்காலிக அடையாளம் மட்டும் இருக்கும், அதையும் அவ்வப்போது மாற்றிவிடுவார்கள். செய்தி பொய்யில்லை என்று காட்டும் மின்னணுக் கையொப்பம்கூட அப்படி மாறும் சான்றிதழ்களைக் கொண்டே போடப்படுகிறது. இந்திய வாகனத் தரமான ஏஐஎஸ்-140-இன்படி பஸ், டாக்சிகளில் வைக்கும் கருவி வேறு வகை. அது வண்டி இருக்கும் இடத்தைக் கட்டுப்பாட்டு மையத்துக்கு அனுப்புவது, அவசரப் பொத்தானும் அதில் உண்டு. அதற்கு ‘இருப்பிடங்காட்டி’ என்ற பெயர் சரி. நம் சொல்லில் இருப்பிடம், அடையாளம், கண்காணிப்பு இந்த மூன்றும் நுழையக் கூடாது என்பதில் நானும் உறுதியாக இருக்கிறேன். ஒரு ஓட்டுநர் பயந்து கருவியை அணைத்து வைத்தால் நட்டம் அவருக்கு மட்டுமில்லை, எதிரே வருகிறவருக்கும்தான்.

விளக்கக் குறிப்பில் இரண்டு விஷயங்களைச் சேர்க்க விரும்புகிறேன்.

ஒன்று, இடப்பிசகு. திறந்த வானத்தின் கீழேயே கைபேசி ஜிபிஎஸ் 5 மீட்டர் அளவுக்குப் பிசகலாம். ரப்பர் தோட்டத்துக்கு நடுவே, குலசேகரம் பக்கம் போனால் சொல்லவே வேண்டாம். இருவழிச் சாலையின் தார்ப்பரப்பு 7 மீட்டர்தான். ஆக, ஒழுங்காக இடது ஓரம் வருகிற வண்டியைக் கருவி எதிர்த்தடத்தில் வருவதாக நினைத்துச் சும்மா அலறும். நாலு முறை சும்மா அலறினால் ஐந்தாம் முறை யார் மதிப்பார்கள்? அதனால் வண்டிநிலைக்குள் இடப்பிசகின் அளவும் சேர்ந்தே போகிறது. ‘இங்கே இருக்கிறேன், இத்தனை மீட்டர் முன்பின் இருக்கலாம்’ என்று வண்டியே ஒத்துக்கொள்கிறது. இதைக் குறிப்பில் விட்டுவிட்டால், சொல் வாக்குக் கொடுப்பதைக் கருவி தராது.

இரண்டாவது, பரவல் வீதம். நூற்றில் 10 வண்டிகளில் நிலைகூறி இருக்கிறது என்று வையுங்கள். எதிரெதிரே சந்திக்கும் இரண்டு வண்டிகளிலும் கருவி இருக்கும் வாய்ப்பு நூற்றில் 1 மட்டுமே. பாதி வண்டிகளில் வந்தபின்னும் நாலு சந்திப்பில் ஒன்றுதான் தேறும். எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். பழைய பைக், சைக்கிள், நடந்து போகிறவர் என்று கலந்து ஓடும் நம் சாலையில் வண்டிக் கருவியை மட்டும் நம்பினால் பலன் வர வெகுகாலம் ஆகும். அதனால் சாலைக்கூறிக்கு நம் குறிப்பில் கூடுதல் இடம் வேண்டும். ஆபத்தான வளைவில் கேமராவோ ராடாரோ சேர்த்து ஒரு கம்பம் நட்டால், கருவி இல்லாத வண்டி வருவதையும் அது பார்த்துச் சொல்லும். கேட்பதற்கு ஒரு பக்கத்து வண்டியில் நிலைகூறி இருந்தால் போதும். மழை அடித்து ஊற்றும்போது கேமராவுக்குக் கண் மங்கும், இவ்வளவு குறைந்த தூரத்தில் அலைவரிசைக்கு மழை ஒரு பொருட்டே இல்லை. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமும் நனைக்கும் மாவட்டத்துக்கு இதையும் எழுதத்தான் வேண்டும்.

‘பரவல் வீதம்’ என்ற சொல்லை நோய்ப்பரவலுக்கும் எழுதுகிறார்கள் என்பது மட்டும் உறுத்துகிறது. ‘கருவி வீதம்’ என்றால் மொட்டையாக இருக்கிறது. இதற்கு யாராவது நல்ல சொல் தாருங்கள். மற்ற நான்கையும் – வண்டிநிலை, நிலைகூறி, சாலைக்கூறி, இடப்பிசகு – மறுப்பு வராவிட்டால் வரும் ஞாயிறு சொற்பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.