1942 இஷாப்பூர் த்ரீ-நாட்-த்ரீ: பின்கட்டை ஆடுது, இறுக்கலாமா?

கொலம்பஸ்வாசி

வணக்கம். போன ஞாயிறு இங்கே ஒஹையோவில் ஒரு கன் ஷோவில் லீ-என்ஃபீல்டு ரைபிள் ஒன்று வாங்கினேன். பின்கட்டை (தோளில் வைக்கிற பின்பக்க மரம்) சேரும் இரும்பு வளையத்தில் கிரீடம், அதன் கீழே ஜி.ஆர்.ஐ. (ஜார்ஜ் மன்னரின் முத்திரை), இஷாப்பூர் (வங்காளத்தில் இருக்கிற துப்பாக்கித் தொழிற்சாலை), 1942 என்று வெட்டியிருக்கு. எங்க தாத்தா திருச்சியில் ஆயுதப்படைக் காவலர். அவர் தோளில் த்ரீ-நாட்-த்ரீயோடு நிற்கிற ஒரே ஒரு போட்டோதான் வீட்டில் மிச்சம். அதனால்தான் மேஜையில் பார்த்ததும் நகர முடியவில்லை.

பின்கட்டை லேசாக ஆடுது. மரம் முழுக்கக் கறுத்து, கையில் பிசுபிசுன்னு ஒட்டுது. பின்தகட்டு மூடியைத் திறந்து நீள ஸ்க்ரூடிரைவரால் உள்ளே இருக்கிற போல்ட்டை இறுக்கினால் சரியாகிவிடும் என்று விற்றவர் சொன்னார். மரத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாமா? எப்போது சுடலாம்?

பழையமரம்

தம்பி, ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைங்க. முதலில் முன்கட்டையை (பேரலுக்குக் கீழே இருக்கிற மரம்) கழற்றணும், அதற்கு அப்புறம்தான் அந்தப் போல்ட்டைத் தொடணும்.

உங்களுடையது மாதிரி நம்பர் 1 வகை ரைபிளில் பின்கட்டைப் போல்ட்டின் முனை சதுரமாக இருக்கும். அது வளையத்தைத் தாண்டி, முன்கட்டையின் பின்புறம் பதித்த சின்னத் தகட்டுக்குள் போய் உட்காரும். போல்ட் தானாகக் கழன்று வராமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. முன்கட்டை இருக்கும்போதே போல்ட்டைத் திருகினால், இறுக்கினாலும் தளர்த்தினாலும், சதுர முனை தகட்டைத் திருப்பி மரத்தைப் பிளந்துவிடும். சில ரைபிள்களில் அந்தத் தகடு இருக்காது. ஆனால் வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. என் முதல் ரைபிள் 1918-ல் செய்தது, வால்நட் மரம். ராத்திரி பத்து மணிக்கு அவசரப்பட்டு கால் சுற்றுதான் திருகினேன். சுள்ளி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். டார்ச் அடித்துப் பார்த்தால், பின்முனையிலிருந்து விரல் நீளத்துக்கு விரிசல். எத்தனையோ பேர் கை பட்டும் பிழைத்து வந்த மரம் என் கையில் பிளந்தது. அந்த வருத்தம் இன்னும் இருக்கு.

வரிசை இதுதான். மேகசின், மூக்குமூடி, நடுப்பட்டை, விசைக்காப்பு எல்லாவற்றையும் எடுத்த பிறகு, முன்கட்டையை நேராகக் கீழே இறக்குங்க. இப்படி அப்படி ஆட்டி இழுக்காதீங்க. இறக்கியதும் மேகசின் குழிக்குப் பின்னால் இரண்டு பக்கமும் இருக்கிற மரமுகங்களைப் பாருங்க. சுடும்போது உதைப்பு முழுவதும் அங்கேதான் இறங்கும். நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுதா? அப்படியானால் எண்ணெய் ஊறி மரம் மெத்துப் போச்சு என்று அர்த்தம். அந்த நிலையில் சுட்டால் குறி அலையும், மரமும் வெடிக்கும்.

எண்ணெயை எடுக்க நான் சாக்கட்டிப் பொடியை அசிட்டோனில் குழைத்துப் பூசுவேன். ஜன்னலைத் திறந்து வைத்து, பக்கத்தில் நெருப்பே இல்லாமல் செய்யணும். காய்ந்ததும் வெள்ளைப் பொடி டீத்தூள் நிறத்துக்கு மாறியிருக்கும். தட்டிவிட்டுத் திரும்பப் பூசுங்க, வெள்ளையாகவே நிற்கிற வரைக்கும். மெத்துப்போன இடத்தைச் செதுக்கி, ரேகை ஒத்துவருகிற கெட்டி மரத்துண்டை எபாக்சி வைத்து ஒட்டலாம்.

உப்புத்தாள் மட்டும் வேண்டவே வேண்டாம். மரத்தில் இருக்கிற முத்திரைகள் போனால் அதன் கதையே போச்சு. ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கையில் சூடு பறக்கத் தேய்த்து ஏற்றினால் போதும்.

பித்தளைக்கூடு

அண்ணன் மரத்தைச் சொல்லிட்டார், நான் இரும்பைச் சொல்றேன். தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டுகிற போல்ட்டின் (பின்கட்டைப் போல்ட் இல்லை) கைப்பிடிக்குப் பின்புறம் இருக்கிற எண்ணும் ரைபிளின் எண்ணும் ஒன்றா பாருங்க. ஒன்றாக இருந்தாலும் ஹெட்ஸ்பேஸ் கேஜ் (மூடிய போல்ட்டுக்கும் பேரலுக்கும் நடுவே தோட்டாவுக்கு இருக்கிற இடைவெளியை அளப்பது) போடாமல் சுடாதீங்க. 0.064 அங்குலக் கேஜில் போல்ட் மூடணும், 0.074-ல் மூடக் கூடாது. டி.பி. என்ற எழுத்துகள் இருந்தால் அது டிரில் பயிற்சிக்கு ஒதுக்கியது. முன்கட்டையில் செப்புக்கம்பி சுற்றியிருந்தால் கிரனேட் எறிய வைத்திருந்தது. இரண்டையும் சுடாமல் சுவரில் மாட்டிடுங்க.

பழைய ராணுவத் தோட்டாக்களின் பிரைமர் (அடியில் தீப்பற்ற வைக்கிற மருந்து) பேரலில் உப்பு விட்டுவிட்டுப் போகும். எண்ணெய்க்கு அது கரையாது. கொதிநீரைப் புனல் வைத்து ஊற்றி, துடைத்து, அப்புறம்தான் எண்ணெய். புதுசாகச் செய்கிற 174 கிரெய்ன் (குண்டின் எடை) தோட்டா கிடைக்குது, அதில் ஆரம்பிங்க. காலிக் கூட்டின் அடிப்பக்கம் பளபளன்னு ஒரு வளையம் தெரிந்தால், பேப்பர் கிளிப்பை வளைத்து உள்ளே விட்டுத் தடவிப் பாருங்க. பள்ளம் தட்டுப்பட்டால் அந்தக் கூடு அடுத்த முறை அறுந்துபோகும்.

இன்னொன்று. அமெரிக்க மத்திய சட்டத்தில் ஆன்ட்டிக் என்றால் 1898 வரைக்கும் செய்ததுதான். உங்களுடையது க்யூரியோ (சேகரிப்புக்குரிய பழைய துப்பாக்கி) வகை. இன்னும் வாங்கிச் சேர்க்கிற எண்ணம் இருந்தால் சேகரிப்பாளர் லைசென்ஸ் எடுங்க, மூன்று வருஷத்துக்கு 30 டாலர்.

கொலம்பஸ்வாசி

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். முன்கட்டையை இறக்கினேன். உள்ளே அந்தத் தகடு இருந்தது, போல்ட்டின் சதுர முனை அதற்குள்ளேயே உட்கார்ந்திருந்தது! நீங்க சொல்லாமல் இருந்திருந்தால் அன்றைக்கே பிளந்திருப்பேன். வலது பக்க மரமுகம் மெத்து. சாக்கட்டிப் பூச்சு ஆறு தடவை போட்டாச்சு, இன்னும் பழுப்பு ஏறுது. கேஜ் இரண்டும் சரியாக வந்தது.

பழையமரம்

நல்லது தம்பி. ஏழாவது பூச்சையும் போடுங்க. ரேஞ்சுக்குப் போகும்போது ஒன்று ஞாபகம் வைங்க: பின்குறியின் மிகக் கீழ்நிலையே 200 கெஜத்துக்கானது. 50 கெஜத்தில் குண்டு மேலே போய் விழும், அதற்காகக் குறியை அரத்தால் ராவிடாதீங்க. முதல் அஞ்சு கூட்டையும் படம் எடுத்துப் போடுங்க.