புகழ்பெற்ற புகைப்படங்களை ரசிப்பதிலிருந்து சொந்தப் பாணிக்கு: வழிகாட்டல் தேவை

நண்பர்களுக்கு வணக்கம். புகைப்படக் கலைஞர் டோரதியா லாங்கே 1936-இல் கலிபோர்னியாவில் எடுத்த ‘புலம்பெயர்ந்த தாய்’ படத்தில், இரு பிள்ளைகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு தாயின் தோள்களில் சாய்ந்திருப்பதால், நம் பார்வை கன்னத்தைத் தொட்டிருக்கும் அவருடைய கைக்கும் நெற்றிச் சுருக்கங்களுக்குமே மீண்டும் மீண்டும் செல்கிறது. ஆன்ரி கார்த்தியே-பிரெசோன் 1932-இல் பாரிஸில் எடுத்த, தேங்கிய நீரைத் தாண்டும் மனிதரின் படத்திலோ, குதிகால் நீரைத் தொடுவதற்கு முந்தைய கணமே எல்லாம் (பின்னால் உள்ள சுவரொட்டியிலும் ஓர் உருவம் தாவுகிறது). இப்படிப் பிரித்துப் பார்த்து ரசிக்க ஓரளவு வருகிறது; ஆனால் கேமராவைக் கையில் எடுத்தால் அவர்கள் காட்சியைச் சட்டகத்துக்குள் அமைத்த விதமே வந்து நிற்கிறது. ஒரே லென்ஸ், கருப்பு-வெள்ளை மட்டும் என்று கட்டுப்பாடு விதித்துக்கொள்வது பாணியை வளர்க்குமா, அல்லது வெளித்தோற்ற ஒற்றுமையை மட்டும் தருமா? என் ஐயம் இரண்டாவதன் பக்கமே. தமக்கென ஒரு பார்வையைக் கண்டடைந்தவர்கள், தம் பழைய படங்களில் எதை வைத்துத் தேர்ந்தார்கள், எதைத் துணிந்து கழித்தார்கள் என்று விளக்கினால் பெரிதும் உதவியாக இருக்கும்.