மறு: ‘புராஜெக்ட் கார்’ தமிழில்? – ‘தேறுவண்டி’ என்று ஒரு பரிந்துரை

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

பழைய காரை வாங்கிப் பிரித்து, பழுது பார்த்து ஓடவைக்கும் வேலை இன்னும் முடியாமல் நிற்கும் வண்டியை ஆங்கிலத்தில் ‘புராஜெக்ட் கார்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல் என்று போன வாரம் நான் கேட்டதற்கு வந்த பதில்கள் எல்லாவற்றையும் அச்செடுத்து ஷெட்டுக்குக் கொண்டுபோய், வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்தேன். ஒவ்வொரு சொல்லையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். எந்தச் சொல் ஒட்டுகிறது, எது நழுவுகிறது என்று அங்கே வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

வண்டியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், நான்கு கதவு, 1969 பதிவு. இங்கிலாந்தில் 1959-ல் டிரையம்ஃப் ஹெரால்ட் என்று வந்த காரை, 1961 முதல் ஸ்டாண்டர்ட் நிறுவனம் சென்னையில் செய்தது. வண்டலூர்ப் பக்கத்தில் தொழிற்சாலை. 948 சிசி என்ஜின். உடல் ஒரே கூடாக இல்லாமல், தனி சேசிஸ் (அடிச்சட்டம்) மேல் துண்டு துண்டாக போல்ட்டில் பூட்டியிருக்கும். பானெட் மட்கார்டோடு சேர்ந்து முழுசாக முன்பக்கம் சாயும். சக்கரத்தின்மேல் உட்கார்ந்துகொண்டே என்ஜின் வேலை பார்க்கலாம். இவ்வளவு எளிதாகப் பிரிக்க முடிவதால்தான் என்னைப் போன்றவர்கள் தைரியமாகப் பிரிக்கிறோம். மாட்டுவதுதான் நின்றுபோகிறது.

2015-ல் வாங்கினேன். முதல் நான்கு வருடம் நன்றாக வேலை நடந்தது. என்ஜின் சிலிண்டர்களைக் கடைந்து போர் போட்டாகிவிட்டது, கிராங்க் தண்டை அரைத்தாகிவிட்டது, சேசிஸில் உடலைத் தாங்கும், துருப்பிடித்த பக்கவாட்டுக் கைகளை வெட்டிப் புதுசு வைத்து வெல்டிங் முடிந்தது. பிறகு வேலை நின்றது. இப்போது ஷெட் இருக்கும் இடத்தைக் காலி செய்ய வேண்டும். வைத்துக்கொள்வதா, விற்பதா? இந்த யோசனையில் இருந்தபோதுதான், இப்படிப்பட்ட வண்டிக்குத் தமிழில் பெயரே இல்லை என்பது உறைத்தது. அதனால்தான் குழுமத்தில் கேட்டேன்.

இனி சொற்களுக்கு வருகிறேன்.

‘திட்டக் கார்’ வேண்டாம். திட்டம் என்றால் நமக்கு ஐந்தாண்டுத் திட்டமும் குடிநீர்த் திட்டமும்தான் நினைவுக்கு வரும். ‘மீட்பு வண்டி’ என்றால் விபத்தில் சிக்கிய வண்டியை இழுத்துப் போக வருவது என்றுதான் எவரும் நினைப்பார். ‘பணிவண்டி’ நல்ல சொல், ஆனால் அது வேலைக்குப் போகும் வண்டி. இதுவோ வேலை பார்க்கப்படும் வண்டி. ‘கிடப்பு வண்டி’ என்று எழுதிய கோவை ஐயாவுக்கு: கிடப்பில் போட்டது என்று முன்கூட்டியே தீர்ப்பு எழுதிவிடுகிறது, ஐயா. ஞாயிறுதோறும் வேலை நடக்கும் ஒரு வண்டியையும் அந்தப் பெயரால் அழைக்க முடியுமா?

‘குறைவண்டி’ கிட்டத்தட்ட வந்துவிட்டது. முடியாததைக் குறைவேலை என்கிறோமே. ஆனாலும் அது இல்லாததை மட்டும் பார்க்கிறது. என் வண்டியில் நல்ல சேசிஸும் ஓடத் தயாரான என்ஜினும் இருக்கின்றன. அவற்றுக்கு அந்தச் சொல்லில் இடமில்லை.

நான் தேடிய சொல் டிங்கரிங் பட்டறைக்காரரிடம் கிடைத்தது. விலை கேட்டு ஒருவர் வந்திருந்ததால், எனக்கு வேலை செய்து தரும் மேஸ்திரியை வரவழைத்துக் காட்டினேன். கதவுக்கு அடியில் விரலால் சுரண்டினார், தரைத்தகட்டைத் தட்டிப் பார்த்தார். “தேறும் சார்” என்றார். பிறகு அவரே, “வித்தா எவ்வளவு தேறும்னு பாக்குறீங்களா?” என்று கேட்டார்.

ஒரே வினைச்சொல்! நோயாளி தேறினார் என்கிறோம். பிள்ளை பரீட்சையில் தேறினான் என்கிறோம். இந்த மரத்தில் ஒரு கதவு தேறுமா, நெல் எத்தனை மூட்டை தேறும், கையில் எவ்வளவு தேறும் என்றெல்லாம் கேட்கிறோம். பட்டறைகளில் ‘இது தேறாது’ என்றால் அந்த வண்டி நேரே எடைக்குத்தான். வைத்துக்கொள்வதா விற்பதா என்ற கேள்வியின் இரண்டு பக்கமும் இந்தச் சொல்லுக்குள் ஏற்கெனவே இருக்கின்றன. ஆகவே என் பரிந்துரை:

தேறுவண்டி.

இலக்கணமும் இதற்குத் துணை நிற்கிறது. தேறிய வண்டி, தேறுகின்ற வண்டி, தேறும் வண்டி: மூன்று காலமும் ஒளிந்திருக்கும் வினைத்தொகை. ஊறுகாய் போல, நாம் ஏற்றுக்கொண்ட தேடுபொறி, இயங்குதளம் போல. பாதி வேலை முடிந்து, கொஞ்சம் நடந்துகொண்டு, மீதி இனிமேல்தான் என்று நிற்கும் ஒரு பொருளுக்குக் காலத்தைச் சொல்லாத சொல்லைவிடப் பொருத்தமானது வேறெது? ‘கார்’ என்றே வேண்டுவோர் தேறுகார் எனலாம். வினைத்தொகை என்பதால் நடுவில் ஒற்று மிகாது. உதிரிபாகத்துக்காக மட்டும் வாங்கிப் போடும் வண்டியைத் தேறாவண்டி என்று சொல்லிவிடலாம். பட்டறையில் சொல்வதும் அதைத்தானே.

இந்தச் சொல்லை முன்கூட்டியே குழுமத் தங்கை ஒருவருக்குச் சொன்னேன். அவர் எழுதிய பதில்:

> தேறு என்றால் வண்டி தானாகத் தேறுவது போல் இருக்கிறது. செய்பவர் எங்கே? தேற்றுவண்டி என்பதல்லவா சரி?

நல்ல கேள்வி, தங்கை. இரண்டு நாள் இதையே யோசித்தேன். தேற்று என்றதும் தேற்றமும் ஆறுதல் சொல்லித் தேற்றுவதும் குறுக்கே வருகின்றன. அதோடு, எந்த மேஸ்திரியும் ‘தேத்துற வண்டி’ என்று சொல்லி நான் கேட்டதில்லை. வேலைக்கு வேண்டுமானால் ‘தேற்றுதல்’ என்பதை வைத்துக்கொள்ளலாம். ஆனால் செய்பவர் எங்கே என்று நீங்கள் கேட்டது சொல்லைத் தாண்டி என்னையே தொட்டுவிட்டது. அதற்கு என் பதில் கீழே.

இன்னொரு சொல்லும் இந்த விவாதத்துக்குத் தேவைப்படுகிறது. இதுவரை வண்டிக்குப் போட்ட பணம், வாங்கிய விலையும் சேர்த்து 2,85,000 ரூபாய். வந்தவர் கேட்பது 1,40,000. ‘போட்டதில் பாதிகூட வரவில்லையே’ என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். பொருளியலில் இந்தப் பணத்தை மூழ்கிய செலவு என்று மொழிபெயர்க்கிறார்கள். மூழ்கியதை முங்கி எடுத்துவிடலாம் என்ற ஆசை அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘மீளாச் செலவு’ என்பதே நேர்மையானது. வைத்திருந்தாலும் விற்றாலும் அது திரும்பாது. ஆகவே கணக்கில் அதற்கு இடம் கிடையாது. இனி ஆகும் செலவும் நேரமும் இடமும் மட்டுமே கணக்கு.

அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். தரைத்தகடு, பட்டி, பெயின்ட், வயரிங், சீட், குரோம் எல்லாம் சேர்த்து இன்னும் இரண்டரை லட்சம் ஆகும் என்கிறார் மேஸ்திரி. பதிவு காலாவதியாகிப் பல வருடம் ஆகிறது. 2021-ல் வந்த விதிப்படி ஐம்பது வயது தாண்டிய காரைப் பழம்பெரும் வாகனமாகப் பதியலாம்: கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். ஆனால் சேசிஸ், உடல், என்ஜின் மூன்றையும் மாற்றியமைக்காமல் பழைய வடிவிலேயே வைத்திருக்க வேண்டும், அன்றாடப் போக்குவரத்துக்கும் ஓட்டக்கூடாது. நல்லவேளை, மாருதி என்ஜின் போட்டுவிடலாம் என்று ஒருவர் சொன்னதை அப்போது நான் கேட்கவில்லை.

பணத்தைக்கூடப் புரட்டிவிடலாம். கடந்த மூன்று வருடத்தில் இந்த வண்டிக்கு நான் என்ன செய்தேன்? மாதம் ஒருமுறை உறையைத் தூக்கிப் பார்த்து, மறுபடி மூடினேன். வெல்டிங் செய்த இடத்திலேயே இப்போது செம்புள்ளி விழத் தொடங்கியிருக்கிறது. தங்கை கேட்ட ‘செய்பவர் எங்கே’ என்பதற்கு இதுதான் பதில். வண்டி தேறும். என்னிடம் இருந்தால் தேறாது. வாங்க வந்தவர் ஏற்கெனவே ஒரு ஹெரால்டை முடித்து ஓட்டிக்கொண்டிருக்கிறார். பானெட்டைத் திறந்ததும் விலை பேசாமல், கழற்றி வைத்த போல்ட்டுகளைத் தனித்தனி டப்பாவில் போட்டிருக்கிறேனா என்றுதான் கேட்டார். போட்டிருக்கிறேன்.

அவருக்கே கொடுப்பதாக முடிவு செய்திருக்கிறேன். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. பேச்சு முறிந்தால் விளம்பரம் கொடுக்க வேண்டும். கலைச்சொல்லுக்கு எடுத்துக்காட்டு வாக்கியம் தர வேண்டும் என்பது குழும வழக்கம் அல்லவா, அதனால் அந்த விளம்பரத்தையே கீழே தருகிறேன். சொல் எங்காவது இடறினால் எழுதுங்கள்.

“விற்பனைக்கு: ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் 1969, தேறுவண்டி. என்ஜின் வேலை முடிந்தது, இன்னும் ஓட்டிப் பார்க்கவில்லை. சேசிஸ் வெல்டிங் முடிந்தது, இரண்டு இடத்தில் மேல்துரு. தரைத்தகடும் பெயின்டும் பாக்கி. கதவு நான்கும் கண்ணாடியோடு உண்டு; பின்விளக்கு ஒன்று இல்லை. அசல் ஆர்.சி. புத்தகம் கையில் இருக்கிறது, புதுப்பிக்கவில்லை. முடித்து ஓட்டுபவருக்கு மட்டும். பிரித்து விற்பவர்கள் வர வேண்டாம்.”

அன்புடன்,
தாம்பரத்திலிருந்து