டெம்பரிங்: துவைச்சலா, பதமேற்றலா?

வணக்கம்.

வீட்டுப் பட்டறையில் கருவி செய்வதற்கான குறிப்புகளைத் தமிழில் எழுதும்போது ஒரு சொல் இடறுகிறது. ஹார்டனிங் (எஃகைக் காய்ச்சிக் கடினமாக்குவது), குவென்ச்சிங் (காய்ச்சியதைச் சட்டென்று நீரிலோ எண்ணெயிலோ முக்குவது), டெம்பரிங் (பிறகு மிதமாகச் சூடேற்றி நொறுங்கும் தன்மையைக் குறைப்பது), அனீலிங் (காய்ச்சி மெல்ல ஆறவிட்டு மென்மையாக்குவது) நாலுக்கும் 'பதப்படுத்துதல்' என்றே போட்டுவருகிறோம். தோலுக்கும் பாலுக்கும் அதே சொல்தான்.

இதனால் வரும் சேதத்துக்கு டி-பிட் (முனையில் பாதி சீவி 'D' வடிவில் நாமே செய்துகொள்ளும் ரீமர்) நல்ல உதாரணம். 6.3 மி.மீ. துளைக்கு ரீமர் (துளையைச் சரியான அளவுக்குக் குடையும் கருவி) வேண்டும், கடையில் அந்த அளவு இல்லை. 8 மி.மீ. சில்வர் ஸ்டீல் (பெயரில்தான் வெள்ளி, உண்மையில் கரிம எஃகு) கம்பியை லேத்தில் 6.3க்கு இறக்கி, முனையில் 25 மி.மீ. நீளத்துக்குப் பாதி விட்டத்தை அரம் போட்டு எடுக்கிறோம். மைக்ரோமீட்டர் 3.18 காட்டும்போது நிறுத்த வேண்டும். 3.15க்குக் கீழே போனால் தட்டை முகத்தின் அகலம் 6.3ஐ விடக் குறையும், துளையும் சிறுக்கும். பிறகு சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கி, மறுபடி 230 பாகைக்குச் சூடேற்ற வேண்டும். இங்கே 'மீண்டும் பதப்படுத்தவும்' என்று எழுதினால், படிப்பவர் இரண்டாம் தடவையும் சிவக்கக் காய்ச்சிவிடுவார். காற்றில் ஆறியதும் பிட் பழையபடி மெத்தென்று ஆகிவிடும்.

டெம்பரிங்குக்கு 'பதமேற்றல்' என்று வைக்கலாமா?

*

> டெம்பரிங்குக்கு 'பதமேற்றல்'

புதுச்சொல் எதற்கு? கொல்லர் உலையில் 'துவைச்சல்' இருக்கிறதே. அரிவாளுக்குத் துவைச்சல் சரியில்லை என்றால் வாய் மடங்கும், இல்லை பொரிந்து போகும். ஊரில் எல்லாருக்கும் தெரிந்த சொல்லை விட்டுவிட்டு அகராதிச் சொல் தேட வேண்டாம்.

*

துவைச்சல் நல்ல சொல், கட்டாயம் வேண்டும். ஆனால் அது எந்த வேலைக்கு என்பதில்தான் பிரச்சினை.

கொல்லர் அரிவாளின் வாயை மட்டும் நீரில் தோய்த்து எடுக்கிறார். முதுகில் தங்கிய சூடு வாய்ப்பக்கம் ஊர்ந்து வருகிறது. நிறம் ஓடுவதைப் பார்த்து மறுபடி தோய்க்கிறார். முதல் தோய்ப்பு குவென்ச்சிங், நடுவில் நிறம் ஓடுவது டெம்பரிங். ஒரே சூட்டில் இரண்டும் முடிவதால் அவருக்கு ஒரு சொல் போதும். டி-பிட்டை முழுசாக முக்கி ஆறவைத்துத் துடைத்த பிறகே அடுத்த சூடு. அங்கே இரண்டு சொல் வேண்டும். துவைச்சலைக் குவென்ச்சிங்குக்குக் கொடுத்துவிடலாம்.

'பதமேற்றல்' எனக்கு ஒப்பவில்லை, நடப்பது அதற்கு நேர்மாறு. துவைத்தெடுத்த பிட் கண்ணாடி மாதிரி இருக்கும். கீழே விழுந்தால் முனை தெறிக்கும். அந்தக் கடுமையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து உறுதியை வாங்குவதே டெம்பரிங். ஏற்றுவது இல்லை, இறக்குவது. 'பதமிறக்கல்' என்பேன். பாகு பதம் வந்ததும் அடுப்பிலிருந்து இறக்குவது போல, நிறம் வந்ததும் தீயிலிருந்து இறக்குகிறோம் என்ற பொருளும் கூடவே வரும்.

*

> பதமிறக்கல்

கேட்டவுடன் 'பதம் கெட்டுப்போவது' என்று தோன்றாதா? 'தணித்தல்' பரவாயில்லையா?

*

தணித்தல் என்றால் சூட்டைத் தணிப்பது என்றுதான் படிப்பார்கள். அது துவைச்சல் பக்கம் இழுக்கும். பதமிறக்கலே இருக்கட்டும். 'இறக்கல்' என்று கேட்டவர் இரண்டாம் தடவை சிவக்கக் காய்ச்ச மாட்டார், அந்த ஒன்றே போதும்.

சூடேறும்போது எஃகின் மேல் ஓடும் நிறங்களின் பெயர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. மொழிபெயர்ப்பே தேவையில்லை, புடவைக் கடையில் எல்லாம் இருக்கிறது. 220 பாகையில் வெளிர் வைக்கோல், 240இல் முற்றிய வைக்கோல், 255 வாக்கில் கருப்பட்டி நிறம், 275இல் கத்தரிப்பூ, 300இல் மயில்கழுத்து. டி-பிட்டுக்கு வைக்கோலோடு நிறுத்த வேண்டும். கத்தரிப்பூ வெட்டுளிக்கு, மயில்கழுத்து சுருள்வில்லுக்கு. துவைத்த கருப்பை எமரித் தாளால் பளபளவென்று எடுக்காவிட்டால் எந்த நிறமும் தெரியாது. விரல் எண்ணெய் பட்ட இடத்தில் நிறம் பொய் சொல்லும். ஓடிஜி அடுப்பில் ஒரு மணி நேரம் வைத்தால் அதே சூட்டிலேயே நிறம் இன்னும் கறுக்கும்; அங்கே வெப்பமானியை நம்புங்கள், நிறத்தை அல்ல. இந்தக் கணக்கு கரிம எஃகுக்கு மட்டும், ஹை-ஸ்பீடு ஸ்டீலுக்குச் செல்லாது.

*

சரி. ஹார்டனிங்குக்குக் 'கடுமையேற்றல்', குவென்ச்சிங்குக்குத் 'துவைச்சல்', டெம்பரிங்குக்குப் 'பதமிறக்கல்'. அனீலிங்குக்கு 'இளக்கல்' என்று தற்காலிகமாகப் போடுகிறேன். 'உருக்குதல்' என்று யாராவது புரிந்துகொள்வார்களோ என்ற தயக்கம் இருக்கிறது, மாற்று இருந்தால் சொல்லுங்கள். திருத்திய குறிப்பு:

"கடுமையேற்றல்: பிட்டைச் செந்நிறம் வரக் காய்ச்சவும். காந்தம் ஒட்டாமல் விட்ட பிறகு இன்னும் ஒரு சாயல் ஏற்றி, இரண்டு மூன்று நிமிடம் அதே நிறத்தில் வைக்கவும். துவைச்சல்: எண்ணெயில் செங்குத்தாக இறக்கவும், சாய்ந்து நுழைந்தால் வளையும். அரம் வழுக்க வேண்டும், கடித்தால் துவைச்சல் ஏறவில்லை. பதமிறக்கல்: துவைத்த அன்றே செய்யவும், தள்ளிப்போட்டால் தானாகவே வெடிக்கலாம். 230 பாகையில் ஒரு மணி நேரம். ஆறியபின் தட்டை முகத்தை மட்டும் சாணைக்கல்லில் தேய்க்கவும். வளைந்த முதுகில் கல் படக் கூடாது, பட்டால் அளவு போயிற்று. 6 மி.மீ. துளை போட்டு, வாயில் 3 மி.மீ. ஆழத்துக்குச் சரியாக 6.3க்குக் குடைந்த பிறகே டி-பிட்டை நுழைக்கவும். 2 மி.மீ.க்கு ஒருமுறை வெளியே இழுத்துச் சீவலைத் தட்டவும்."