ஹிட்டைட் 'ஹ' ஒலியும் குரிவோவிச்சும்

மோக்கா மாணவி:
வணக்கம். சமஸ்கிருதம், கிரேக்கம் முதலிய இந்தோ-ஐரோப்பிய மொழிகளின் மூலமொழியில் இருந்து பின்னர் மறைந்தவை என்று சுவிஸ் மொழியியலாளர் சொசூர் 1879-இல் கணித்த ஒலிகள், இன்றைய துருக்கிப் பகுதியில் பழங்காலத்தில் வழங்கிய ஹிட்டைட் மொழியில் எஞ்சியுள்ளன என்று போலந்திய மொழியியலாளர் யெஜி குரிவோவிச் 1927-இல் காட்டியதாக வகுப்பில் கேட்டேன். அவருடைய புகழ் அந்த ஒரு கட்டுரையால் வந்ததுதானா? பிரெஞ்சில் எதிலிருந்து தொடங்கலாம்?

ரோஸ் ஹில் வாசகர்:
பெரும்பாலும் அதனால்தான். சொசூர் ஒலிகளை ஊகித்தது வெறும் உயிரொலி மாற்றங்களின் ஒழுங்கை வைத்து. அவர் 1913-இல் மறைந்த பின்னரே ஹிட்டைட் இந்தோ-ஐரோப்பிய மொழி என்று செக் அறிஞர் ஹ்ரோஸ்னி அறிவித்தார். நாம் இங்கே மொரிஷியஸில் கடலில் கரைக்கும் 'அஸ்தி' சமஸ்கிருதத்தில் எலும்பைக் குறிக்கும் சொல், கிரேக்கத்தில் 'ஒஸ்தெயோன்'. இரண்டிலும் முதலில் மெய்யொலி இல்லை, ஹிட்டைட்டிலோ 'ஹஸ்தாய்'. அந்த 'ஹ' தற்செயலானதன்று, சொசூர் கணித்த ஒலியின் எச்சமே என்று கண்டுகொண்டபோது குரிவோவிச்சுக்கு வயது முப்பத்திரண்டுகூட நிறையவில்லை.

போர்ட் லூயி ஆசிரியர்:
அவரை அந்த ஒற்றை எழுத்துக்குள் அடைப்பதை நான் ஏற்கவில்லை. (போலந்தியக் குறுக்குக்கோட்டு 'ல' எழுத்து 'வ' போல ஒலிப்பதை அறியாமல் 'குரிலோவிச்' என்று படிப்பவர்கள் இங்கே பலர், நானும் அப்படித்தான் படித்துவந்தேன்.) ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசில் அடங்கியிருந்த ஸ்தனிஸ்வாவூவில் 1895-இல் பிறந்து, பாரிஸில் பிரெஞ்சு மொழியியலாளர் மெய்யேயிடம் பயின்று, லிவூவில் பேராசிரியராகி, போருக்குப் பின் அந்நகரம் சோவியத் எல்லைக்குள் போனதால் விரோத்ஸ்வாஃபுக்கும் பின்னர் கிராக்கோவுக்கும் சென்றவர் அவர். 1949-இல் ஒப்புமையாக்கம் (இருக்கும் சொற்களின் மாதிரியில் புதிய வடிவங்கள் உருவாவது) பற்றி அவர் பிரெஞ்சில் எழுதிய கட்டுரை எந்த மொழிக்கும் பொருந்தும், அதிலிருந்தே தொடங்குங்கள். புதிய வடிவம் தோன்றினால் அது முதன்மைப் பொருளை எடுத்துக்கொள்ளும், பழையது துணைப் பொருளில் ஒதுங்கும் என்பது அதிலுள்ள விதிகளில் ஒன்று. தமிழில் 'மகன்கள்' வந்தபின் 'மக்கள்' பொதுவாக மனிதர்களைக் குறிப்பதாக நின்றுவிட்டதைப் பாருங்கள்.

மோக்கா மாணவி:
மிக்க நன்றி. 'மக்கட்பேறு' என்னும்போது மட்டும் பிள்ளைகள் என்ற பழைய பொருள் தங்கியிருக்கிறது, இல்லையா?

ரோஸ் ஹில் வாசகர்:
ஆம். ஆனால் ஆசிரியர் ஐயாவின் எடுத்துக்காட்டு முழுமையாகப் பொருந்தாது: 'மக்களே போல்வர் கயவர்' என்று, 'மக்கட்பேறு' அதிகாரம் உள்ள அதே திருக்குறளில் மனிதர் என்ற பொருளும் உண்டு. இரண்டு பொருளும் முன்பே இருந்தன. 'மகன்கள்' வந்து பறித்துக்கொண்டது ஒன்றை மட்டுமே.

போர்ட் லூயி ஆசிரியர்:
ஒப்புக்கொள்கிறேன், அப்படியானாலும் அது பறித்தது முதன்மைப் பொருளைத்தான்.