சேலம் வெயிலில் 40 லிட்டர் உப்புத்தண்ணீர் டேங்க்: பம்பை மாற்றலாமா?

அம்மாப்பேட்டை கிளவுன்:
வணக்கம். எட்டு மாதமாக வீட்டில் 40 லிட்டர் ஆல் இன் ஒன் டேங்க் ஓடுகிறது, பின்பக்கம் ஃபில்டருக்கும் பம்புக்கும் மூன்று அறை வைத்தது. ஒரு ஜோடி கிளவுன் மீன், கொஞ்சம் ஸோவா பவளம், ஒரு டர்போ நத்தை. கூட வந்த பம்ப் மணிக்கு 300 லிட்டர்தான். மணல் மேல் பழுப்புப் பாசி துடைக்கத் துடைக்கப் படிகிறது, அதனால் 800 லிட்டர் பம்பும் நடு அறையில் கழிவை நுரையாக்கி எடுக்கிற ஒரு சின்ன ஸ்கிம்மரும் போடலாமா என்று யோசனை. மார்ச் பிறந்ததிலிருந்து மதியம் தண்ணீர் 31 டிகிரியைத் தொடுகிறது, கண்ணாடி மூடி போட்டிருக்கிறேன். ஊற்றுவது வீட்டு ஆர்ஓ தண்ணீர். எதை முதலில் மாற்றுவது? இந்தப் பெட்டிக்குப் போட்ட காசில் ஒரு பவுன் எடுத்திருக்கலாம் என்று அம்மா தினமும் சொல்கிறார்.

சூரமங்கலம் உப்பு:
தம்பி, பம்பைத் தொட வேண்டாம். முன்பக்கத்திலிருந்து பின்னறைக்குத் தண்ணீர் போகிற சீப்புப் பல் இடுக்கு வழி அவ்வளவுதான் விடும், அதற்கு மேல் இழுக்கிற பம்பை வைத்தால் கடைசி அறை வற்றி, பம்ப் காற்றை உறிஞ்சி, டேங்க் முழுக்க சோடா மாதிரி குமிழி. நான் இதை அனுபவித்துவிட்டுத்தான் சொல்கிறேன். பெரிய பம்ப் சூடும் அதிகம் தரும், ஏற்கெனவே 31.

முதல் வேலை, கண்ணாடி மூடியைக் கழற்றுங்கள். ஜன்னலுக்கு அடிக்கிற நைலான் கொசுவலையைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி மேலே போடுங்கள், இல்லாவிட்டால் கிளவுன் ஒருநாள் தரையில் கிடக்கும். பழைய கம்ப்யூட்டரில் இருக்கும் 12 வோல்ட் ஃபேன் ஒன்றை நீர்ப்பரப்பின் மேல் சாய்த்து வையுங்கள். நம் ஊர்க் கோடைக் காற்று வறண்டது, என் டேங்கில் இரண்டு மூன்று டிகிரி இறங்கியது.

ஆனால் ஃபேன் போட்டால் தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. 40 லிட்டரில் 2 லிட்டர் போனாலே ஆயிரத்துக்கு 35 இருந்த உப்பு கிட்டத்தட்ட 37 ஆகிவிடும். தினமும் வெறும் ஆர்ஓ தண்ணீர் ஊற்ற வேண்டும், உப்பு கலந்தது அல்ல. மட்டம் குறைவது கடைசி அறையில்தான் தெரியும், அங்கே மார்க்கரில் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

பைப் டேப்:
தினமும் ஊற்ற சோம்பேறித்தனமா? ஆர்ஓ ஸ்பேர் கடையில் சின்ன ஃப்ளோட் வால்வு கிடைக்கும். அதைக் கடைசி அறையில் மாட்டி, ஒரு வாளியை மேலே வைத்துக் குழாய் இழுத்தால் தானாக நிரப்பும். வாளியில் 2 லிட்டருக்கு மேல் வைக்காதீர்கள். என் டேங்கில் ஒரு குட்டி நத்தை வால்வுக்குள் ஒட்டிக்கொண்டு, 15 லிட்டர் நல்ல தண்ணீரும் ராத்திரியோடு உள்ளே இறங்கிவிட்டது. நத்தை பிழைத்தது, ஸோவா போயிற்று.

பழுப்புப் பாசிக்கு: உங்கள் ஆர்ஓ மெஷினில் டிடிஎஸ் கன்ட்ரோலர் இருக்கும், ருசிக்காகக் கொஞ்சம் போர் தண்ணீரைத் திரும்பக் கலக்கிறது அது. அந்தத் தண்ணீரில் கரைந்திருப்பதுதான் பாசிக்குத் தீனி. கரைந்த உப்பை அளக்கிற டிடிஎஸ் பேனாவை விட்டுப் பாருங்கள். 80, 100 காட்டினால் ஸ்கிம்மரை மறந்துவிட்டு அந்தத் திருகை முழுதாக மூடுங்கள்.

மலை மேலே:
ஏற்காட்டில் எனக்கு இதற்கு நேர் எதிர், டிசம்பரில் ஹீட்டர் இல்லாமல் முடியாது. ஒன்று மட்டும், ஹீட்டரை எப்போதும் நடு அறையில் வையுங்கள். கடைசி அறையில் வைத்தால், அது வற்றும்போது ஹீட்டர் கண்ணாடி வெளியே தெரிந்து சூடாகி, தண்ணீர் பட்டதும் வெடித்துவிடும். உங்களுக்கு அது அவ்வளவாகத் தேவைப்படாது, நடு அறையில் அழுக்கைப் பிடிக்கத் தலையணைப் பஞ்சும் கொஞ்சம் கார்பனும் போடலாம். பஞ்சை மூன்று நாளைக்கு ஒருமுறை மாற்றாவிட்டால் போட்டுப் புண்ணியமில்லை.

அம்மாப்பேட்டை கிளவுன்:
அண்ணா, டிடிஎஸ் 112! திருகை மூடிவிட்டேன். கொசுவலையும் ஃபேனும் மாட்டி மூன்று நாள், மதியம் 28.5. அம்மா இப்போது ஆர்ஓ தண்ணீர் ருசியில்லை என்கிறார், அதற்கு என்ன செய்வது?

சூரமங்கலம் உப்பு:
குடிக்கப் பிடித்த பிறகு மூடு, டேங்குக்குப் பிடித்த பிறகு திற. ஃபேன் ஒயரில் உப்பு வெள்ளையாகப் படியும், வாரம் ஒருமுறை பிளக்கைக் கழற்றி ஈரத்துணியால் துடைத்துவிடு.