மலாயாவில் குடித்தனம் தொடங்கிய முன்னோர்: பழைய நாளிதழ்களில் தேடுவது எப்படி?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். என் தாயாரின் தாத்தாவும் பாட்டியும் 1936ஆம் ஆண்டில் மணமுடித்து மலாயாவில் குடியேறினார்கள்; தாத்தா அங்கே ரயில்வேயில் கிளார்க்காக இருந்தார். ஜப்பானியர் மலாயாவை ஆண்ட காலம் முதலான கதைகள் வீட்டில் நிறையவே உண்டு. அதற்கு முந்தைய ஐந்தாறு ஆண்டுகளைப் பற்றி, முடிசூட்டு விழா நடந்த ஆண்டில் மூத்த மகள் பிறந்தாள் என்பதைத் தவிர எவருக்கும் எதுவும் தெரியவில்லை. பழைய நாளிதழ்களை இணையத்தில் தேடிப் படிக்க உதவும், சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் இருவர் பெயரையும் இட்டுத் தேடியும் ஒன்றும் அகப்படவில்லை. வேறு எவ்வாறு தேடலாம்?

மறுமொழி 1

பெயரை விட்டுவிட்டு வேலையைப் பின்தொடருங்கள். அக்கால ஆங்கில இதழ்களில் நம்மவர் பெயர்களின் எழுத்துக்கூட்டல் இதழுக்கு இதழ் மாறும். தகப்பனார் பெயரின் முதலெழுத்து சில இடங்களில் விடுபட்டும் போயிருக்கும். அதனால் ரயில்வே, கிளார்க், மாற்றல், பிரிவுபசாரம் போன்ற சொற்களுக்குரிய ஆங்கிலச் சொற்களை ஊர்ப்பெயரோடு சேர்த்து, ஒவ்வோர் ஆண்டாகத் தேடுவது நல்லது. 1914இல் தொடங்கிய மலாயா டிரிபியூன் ஆங்கிலம் படித்த ஆசியர்களை நோக்கி நடத்தப்பட்டது என்பதால், ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸுக்கு முன்னதாக அதைப் பார்ப்பேன். பாட்டியார் தம் சொந்தப் பெயரில் அகப்படுவது அரிது. "இன்னாரின் மனைவி" என்றே ஒரு தேநீர் விருந்துச் செய்தியிலோ பரிசளிப்பிலோ நிற்பார்.

முடிசூட்டு விழா என்பது ஆறாம் ஜார்ஜ் மன்னருடையதாக இருந்தால், நாள் 1937 மே 12. எந்த ஊரில் குழந்தை பிறந்தது என்று தெரியாவிட்டாலும், அந்த ஆண்டில் தாத்தாவின் பணியிடம் தெரிந்தால் ஊர் ஓரளவு தெரிந்துவிடும்.

மறுமொழி 2

தமிழ் இதழ்களை மறந்துவிட வேண்டாம். கோலாலம்பூரில் தமிழ் நேசன் 1924 முதலும், சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசு 1935 முதலும் வெளிவந்தன. சாரங்கபாணி சீர்திருத்த இயக்கத்தவர் என்பதால், திருமணம் புரோகிதர் இன்றி நடந்திருந்தால் முரசில் தேடிப் பார்ப்பது பலன் தரக்கூடும். அப்படியானால் பெயருக்கு முன்னே "தோழர்" இருக்கலாம். மற்ற இடங்களில் "ஸ்ரீமான்", "ஸ்ரீமதி" என்றும் பாருங்கள். மங்கிய மையும் பழைய எழுத்துவடிவங்களும் கணினியின் வாசிப்பைக் குழப்பிவிடுவதால், திருமணம் நடந்த மாதத்தின் இதழ்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டுவதே நம்பகமான வழி, அலுப்பூட்டும் வேலைதான்.

மறுமொழி 3

கப்பல் செய்திகளில் அதிக நேரம் செலவிட வேண்டாம் என்பது என் கருத்து. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு ரஜூலா போன்ற கப்பல்களில் வந்தவர்களில் பெரும்பாலோர் அறை இன்றித் திறந்த தளத்திலேயே மலிவான கட்டணத்தில் பயணித்தவர்கள். நாளிதழ்களின் பயணிகள் பட்டியல் பெரும்பாலும் உயர்வகுப்பினருக்கே உரியது. இன்னொன்று: ஒரே பெயருள்ள கிளார்க்குகள் பலர் இருந்திருப்பார்கள். பெயரோடு ஊர், துறை, ஆண்டு ஆகியவையும் பொருந்தினாலன்றி அவரை உங்கள் தாத்தாவாக ஏற்காதீர்கள்.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. திருமணம் வைதிக முறையில்தான் நடந்தது என்று என் பெரியம்மா சொல்கிறார். ஆகவே முரசைப் பிறகு வைத்துக்கொண்டு, 1937ஆம் ஆண்டு டிரிபியூனில் ரயில்வே மாற்றல் செய்திகளிலிருந்து தொடங்குகிறேன்.